ரப்பர் மூடி

ஆக்னஸ் கையெழுத்துப் போட இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. போட்டுவிட்டால் ஒன்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்ததெல்லாம் அன்றோடு சரி. பதிவு ரத்தாகும், போலீஸ் கேஸ் வரும், அதற்கப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்குள்ளும் அவள் நோயாளியாகத்தான் நுழைய முடியும்.

செகந்திராபாத் தார்நாகாவில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் படியேறும்போதே இளங்கோவனுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஆனால் இரக்கம் கிரக்கம் எதுவும் அவன் மனசில் இல்லை. எப்படி இருக்கும்? அவனையும் அவன் முதலாளியையும் இந்தத் துப்பறியும் வேலைக்கு வைத்தவர் செத்துப்போன பெண்ணின் அப்பா. நர்ஸ்தான் கொன்றாள் என்று கண்டுபிடித்துக் கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. நம்பி வந்தவர் பக்கம் நிற்பதை விட்டுவிட்டு நர்ஸுக்கு வக்காலத்து வாங்குவானேன் என்பது மதுரைக்காரனான அவன் கட்சி.

அவனுடைய முதலாளி வசந்தகுமாரிக்கோ கட்சி என்று எதுவும் கிடையாது. இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்து, மேலதிகாரியோடு சண்டை போட்டு வெளியே வந்து, மாரேட்பள்ளியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்த குடும்பம். அவள் பேசும் தமிழில் பாதி இந்த ஊர் ஹிந்தி. மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கி அலைந்துகொண்டிருந்த இளங்கோவனைக் கூட வைத்துக்கொண்டதற்குக் காரணம், அவன் வாய். எந்த ஆஸ்பத்திரிக் கதவும் அந்த வாய்க்குத் திறக்கும்.

விஷயம் இதுதான். சுமதிக்கு இருபத்தேழு வயசு. மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. 2008 ஜூன் கடைசியில் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் ஆயிற்று. ஒரு குறையும் இல்லாமல் முடிந்து, பகல் பன்னிரண்டரைக்கு வார்டில் மூன்றாம் நம்பர் கட்டிலில் படுக்க வைத்தார்கள். வலி தெரியாமல் இருக்க சிரிஞ்ச் பம்ப் மாட்டினார்கள். மருந்து நிரப்பிய பெரிய ஊசிக்குழாயை அந்த மெஷினில் பொருத்தி எண்ணை அழுத்தினால், மணிக்கு இத்தனை மில்லி என்று அதுவே மெல்லத் தள்ளிக்கொண்டிருக்கும். டாக்டர் எழுதியது மணிக்கு இரண்டு மில்லி. குழாயில் இருந்தது ஐம்பது. மறுநாள் வரைக்கும் வர வேண்டிய மருந்து மூன்று மணிக்கே தீர்ந்துபோய், மெஷின் 'குழாய் காலி' என்று கூவியது. ஆக்னஸ் ஓடி வந்து பார்த்தபோது அந்தப் பெண்ணுக்கு மூச்சில்லை.

பம்பின் திரையில் இரண்டு என்றுதான் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் மெஷினைக் கழற்றிக் கொண்டுபோய் மூன்று நாள் விடாமல் ஓட்டிப் பார்த்தார்கள். சொன்னபடி கேட்டது. அப்புறம் என்ன? இரண்டுக்குப் பதில் இருபது என்று அழுத்திவிட்டு, குட்டு உடைந்ததும் நர்ஸ் திருத்திவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். இருபது என்று போட்டால் ஐம்பது மில்லி இரண்டரை மணி நேரத்தில் தீரும். கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. இளங்கோவனுக்கும் பொருந்தியது.

சுமதியின் அப்பா சந்தானம் பத்து நாளைக்கு முன்னால் மாரேட்பள்ளிக்கு வந்திருந்தார். நாச்சாரம் பக்கம் ஏதோ கம்பெனியில் இன்ஜினீயர் என்றார். தாயில்லாப் பெண்ணை ஒண்டி ஆளாக வளர்த்தவர். வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் டேபிள் ஃபேனின் பிளக்கைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். இதில் எர்த் இல்லை, மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் அழுதார். எழவு வீட்டிலிருந்து வந்த மனுஷனுக்கு எதைச் சோதிப்பது என்றில்லையா என்று இளங்கோவன் அன்றைக்கு மனசுக்குள் சிரித்தான். பிறகு அவர் அழுத அழுகையைப் பார்த்து, சிரித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

ஆக்னஸ் நர்ஸுகள் சாப்பிடும் அறையில் உட்கார்ந்திருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். சஸ்பெண்ட் ஆகி மூன்று வாரமாக விடுதியில் கிடந்தவளை, சாயங்காலம் நாலு மணி விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தவறு என்னுடையதுதான் என்று டைப் அடித்த தாளை முன்கூட்டியே கையில் கொடுத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் கொஞ்சம் பார்த்துச் செய்கிறோம் என்று ஆசை காட்டியிருந்தார்கள்.

வசந்தகுமாரி அவளை ஒன்றும் மிரட்டவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேட்டாள். ஆக்னஸ் தாளை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"மொதல்ல ரெண்டுதான் போட்டேன்னு அடிச்சுச் சொன்னேன் மேடம். மூணு வாரமா எல்லாரும் சொல்லுதாங்க, நீ இருபதுதான் போட்டிருப்பன்னு. இப்ப எனக்கே தெரியல. அழுத்திருப்பேனோ என்னவோ. இந்த வெரல் மேல எனக்கே நம்பிக்கை போயிட்டு."

அந்த இடத்தில் இளங்கோவனுக்கு முதல் தடவையாகச் சந்தேகம் தட்டியது. தப்பு செய்தவர்கள் சாதிப்பார்கள். இவள் சாதிக்கக்கூட இல்லை.

ஆயா நாகம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்த வேகத்தில் மேஜை ஒரு பக்கமாக ஆடி, டீ வசந்தகுமாரியின் புடவையில் கொட்டியது. நாகம்மா பதறிப்போய்த் துடைத்தாள். தெலுங்கும் தமிழுமாகப் புலம்பினாள். இந்த மேஜை முன்னெல்லாம் ஆடாது, நாலு காலுக்கும் முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன், மூன்று வாரத்துக்கு முன்னால்தான் மெஷின் சார் வந்து ஒன்றை உருவிக்கொண்டு போனார் என்றாள்.

"ஆஸ்பத்திரி மேஜைக்கே ஒரு கால் ஊனம். இதுல நாம எங்கிட்டு நிமிர்ந்து நிக்கிறது" என்றான் இளங்கோவன். வசந்தகுமாரி சிரிக்கவில்லை. அவள் நாகம்மாவிடம் வேறு ஒன்றைக் கேட்டாள். அந்தப் பெண்ணை நீ பார்த்தாயா?

பார்க்காமல் என்ன? இரண்டரை மணிக்குப் பெருக்கப் போனபோது அந்தப் பெண் முழித்துக்கொண்டுதான் இருந்தாளாம். நாகம்மாவின் கண்ணாடி வளையலைப் பார்த்து, இது சார்மினார் பக்கம் வாங்கினதா, எனக்கும் இதே பச்சையில் ஒரு டஜன் வேண்டும், எவ்வளவு என்று பேரம் வரைக்கும் பேசினாளாம். நல்ல பெண் அம்மா, தங்கம் என்று சொல்லி நாகம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வசந்தகுமாரி இளங்கோவன் பக்கம் திரும்பினாள். "கேட்டியா? பன்னெண்டரையிலேர்ந்து மணிக்கு இருபதுன்னு அந்த மருந்து ஏறியிருந்தா, ரெண்டரைக்கு நாப்பது மில்லி உள்ள போயிருக்கும். அந்தப் பொண்ணு வளையலுக்கு பேரம் பேசுவாளா?"

நியாயமான கேள்வி. அந்த மருந்தில் அதில் பாதி ஏறினாலே பனைமரம் கணக்காக ஆளைச் சாய்த்துவிடும் என்பது மருந்து விற்ற இளங்கோவனுக்குத் தெரியாதா? அப்படியென்றால் மருந்து முழுக்க இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் ஓடியிருக்க வேண்டும். அந்த அரைமணி நேரமும் ஆக்னஸ் ஆறாம் நம்பர் கட்டிலில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள் என்பதை வார்டு சிஸ்டரே எழுதிக் கொடுத்திருந்தார். பம்ப் பக்கம் ஒருத்தர் விரலும் போகவில்லை. இத்தனை நாளும் கச்சிதமாகப் பொருந்திய கணக்கு, ஒரு டஜன் வளையலில் உடைந்துபோயிற்று.

அந்த அரைமணியில் வார்டில் வேறு என்ன நடந்தது என்று வசந்தகுமாரி ஆக்னஸைக் குடைந்தாள். ஒன்றுமில்லையே என்றாள் அவள். பிறகு யோசித்து, இதயத் துடிப்பு காட்டும் திரைகளில் கொஞ்ச நேரம் புல் முளைத்த மாதிரி கோடு வந்தது, அது எப்போதும் வருவதுதான் என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆபரேஷன் தியேட்டர். ரத்தம் நிற்க மின்சாரத்தால் தீய்க்கும் கருவியை டாக்டர் எடுத்தால் இந்தப் பக்கம் திரையில் புல் முளைக்கும். வார்டில் எல்லோருக்கும் பழகிப்போன சங்கதி.

வசந்தகுமாரி சட்டென்று குனிந்து மேஜைக்கு அடியில் போனாள். ஐம்பத்திரண்டு வயசில் புடவையைச் சுருட்டிக்கொண்டு ஒரு பெண்மணி மேஜைக்கடியில் தவழ்வதைப் பார்த்து வாசலில் நின்ற இரண்டு நர்ஸுகள் திகைத்தார்கள். அவள் வெளியே வந்தபோது கையில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பு ரப்பர் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் அகலமாகவும் ஒரு பக்கம் குறுகலாகவும், நடுவில் பள்ளமாக, எதையோ மூடுவதற்கென்று செய்த மூடி.

நாகம்மாவுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஜூன் மாசம் புதுப் பம்புகளுக்கெல்லாம் பின்பக்கம் ஒயர் மாட்டிக் கம்ப்யூட்டரோடு சேர்த்தார்கள். அப்போது பிடுங்கிப் போட்ட மூடிகள் இவை. குப்பையில் போவானேன் என்று அவள் பொறுக்கி வைத்துக்கொண்டாள்.

மெஷின் சார் என்பது ராகவேந்திரா. ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கெல்லாம் பொறுப்பு. அச்சடித்த தாளில் இருப்பதெல்லாம் வேதம் என்கிற ரகம். மேஜைக் காலிலிருந்து ஏன் மூடியை உருவினீர்கள் என்று கேட்டதும் அவர் கோபப்படவே இல்லை. பம்போடு வந்த புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். பின்பக்கத் துளை சர்வீஸ் ஆட்களுக்கு மட்டும், மற்ற நேரம் மூடி போட்டிருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அதனால் ஒயரைக் கழற்றி, மூடியைப் போட்டு, முறைப்படிதான் மூன்று நாள் ஓட்டிப் பார்த்தேன் என்றார்.

"அப்ப வார்டுல ஒயர் மாட்டினது எந்தப் புஸ்தகத்துல இருக்கு சார்?" என்று இளங்கோவன் கேட்டான்.

அது விற்பனைக்கு வந்த ஆள் சொன்னது என்றார் ராகவேந்திரா. நர்ஸ் இருந்த இடத்திலேயே கம்ப்யூட்டரில் எல்லாப் பம்பையும் பார்க்கலாம், ஒயர் இலவசம் என்று சொன்னானாம். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. புத்தகம் அலமாரியில் இருந்தது, ஒயர் சுவரோரம் ஓடியது. மூன்றாம் நம்பர் கட்டில் ஒயர் ஆபரேஷன் தியேட்டர் சுவரை ஒட்டியே பத்தடி போயிற்று.

வசந்தகுமாரி பேசிக்கொண்டிருக்கவில்லை. நேரே வார்டு சிஸ்டரிடம் போய், மிச்சம் இருக்கும் பம்புகளின் ஒயரையெல்லாம் இந்த நிமிஷமே பிடுங்குங்கள், அப்புறம் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள் என்றாள். சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் கட்டில் கட்டிலாகப் போய்ப் பிடுங்கினார்.

சூப்பரிண்டென்டன்ட் டாக்டர் மட்டும் மசியவில்லை. பம்ப் சீல் வைத்த சாட்சிப் பொருள், மறுபடி ஒயர் மாட்டிப் பார்க்க விடமாட்டேன் என்றார். மெஷின் சோதனையில் பாஸான சர்டிபிகேட் இருக்கிறது, ஒரு ரப்பர் மூடியைக் காட்டி என்னைப் பயமுறுத்தாதீர்கள், நாலு மணிக்குள் ஆதாரம் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று சொல்லி சர்டிபிகேட்டின் நகலை நீட்டினார். சோதனை நடந்த இடம் மல்லாபூர் என்று அதில் இருந்தது. கீழே 'வி.எஸ்.' என்று இரண்டெழுத்துச் சுருக்கொப்பம்.

கிளம்புமுன் வசந்தகுமாரி ஆக்னஸின் தோளைத் தொட்டாள். "நாலு மணி வரைக்கும் கையெழுத்து வேண்டாம், நக்கோ. என்ன சொன்னாலும் நக்கோ. புரிஞ்சுதா?"

ஆட்டோ ஹப்சிகுடா தாண்டி நாச்சாரம் வழியாக மல்லாபூர் போனது. வழியெல்லாம் மழைத் தண்ணீர். இளங்கோவன் ஆட்டோக்காரனிடம் இது ஆட்டோவா படகா என்று கேட்டுக்கொண்டு வந்தான். வாய்தான் பேசிற்று. சந்தானத்திடம் என்ன சொல்வது என்ற கவலை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. நர்ஸைப் பிடித்துக் கொடுங்கள் என்றவரிடம் போய், ஐயா நர்ஸ் இல்லை, ஒயர் என்று சொன்னால் அந்த மனுஷன் தாங்குவாரா?

சோதனைக் கூடம் தொழிற்சாலைகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கட்டடம். உள்ளே சாஹித்யா என்ற இளம் இன்ஜினீயர் இருந்தாள். அப்பா அம்மா தஞ்சாவூர்க்காரர்கள், இவள் பிறந்து படித்தது இங்கே. தமிழில் கேட்டால் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பதில் சொன்னாள். இளங்கோவன் தன்னுடைய பழைய விற்பனைப் பிரதிநிதி வாயைத் திறந்து, உங்கள் மாதிரி கெட்டிக்காரர்கள் இருப்பதால்தான் ஆஸ்பத்திரியில் நாங்கள் நிம்மதியாகப் படுக்கிறோம் என்று ஆரம்பித்ததும், அவள் சோதனை அறையையே திறந்து காட்டிவிட்டாள். சுவரெல்லாம் இரும்புத் தகடு. கதவைச் சாத்தினால் செல்போன் செத்துவிடும்.

உள்ளே மெஷினை வைத்து, வெளியிலிருந்து ரேடியோ அலையை அடித்து, அது தடுமாறுகிறதா என்று பார்ப்பார்களாம். ஒயர் மாட்டினால் என்ன ஆகும் என்று வசந்தகுமாரி கேட்டாள். டிவி ஏரியல் மாதிரி, தீய்க்கிற கருவி மாதிரி அக்கம்பக்கத்தில் இருப்பவை கிளப்பும் மின் இரைச்சலையெல்லாம் பிடித்து மெஷினுக்குள் இறக்கும் என்றாள் சாஹித்யா. அதனால் எத்தனை துளை உண்டோ அத்தனைக்கும் ஒயர் மாட்டித்தான் சோதிக்க வேண்டும் என்பது விதி. ஒரே ஒரு விலக்கு உண்டு. சர்வீஸுக்கு மட்டும் என்று மேனுவலில் இருந்தால் மூடி போட்டுச் சோதிக்கலாம்.

வசந்தகுமாரி சர்டிபிகேட்டை நீட்டினாள். மாடல் நம்பரைப் பார்த்துவிட்டு சாஹித்யா அலமாரியிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்தாள். ஒரு பெண் செத்த கதை அவளுக்குத் தெரியும், ஆனால் எந்த மெஷினால் என்று தெரியாது. நம்பரைத் தவிர வேறு எதையும் பார்க்கிற பழக்கம் அங்கே இல்லை.

பிப்ரவரி மாசப் பக்கத்தில் அழகான கையெழுத்தில் இருந்தது. முதல் சோதனை, ஒயரோடு. திரையில் இரண்டு, ஆனால் மோட்டார் முழு வேகத்தில் ஓடுகிறது, குழாய் இருபது நிமிஷத்தில் காலி. ஃபெயில். அதற்குக் கீழே இரண்டாவது சோதனை. மேனுவலில் 'சர்வீஸ் மட்டும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், மூடி போட்டுச் சோதனை. பாஸ்.

இவ்வளவு தெளிவாக எழுதி வைத்துவிட்டு ஒரு ஆள் எப்படிச் சாப்பிட்டு எழுந்திருப்பான்? யார் அந்தப் புண்ணியவான், கூப்பிடுங்கள், நாலு கேள்வி கேட்கிறேன் என்று இளங்கோவன் எகிறினான். சாஹித்யா பயந்துபோனாள். நோட்டைத் தர முடியாது, கம்பெனிச் சொத்து, எதுவானாலும் அதை எழுதின சார்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

"சார் லீவ்லோ உன்னாரு. மூணு வாரமா வரல. அவர் பொண்ணுதான் இறந்துட்டாங்க. சந்தானம் சார்."

இளங்கோவனின் வாய் திறந்தபடி நின்றது. நோட்டுப் பக்கத்தின் மூலையில் அதே 'வி.எஸ்.' இருந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் வசந்தகுமாரி தானாகவே பேசினாள். பத்து நாளாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது, என்னவென்று பிடிபடவில்லை, இப்போதுதான் தெரிந்தது என்றாள். சந்தானம் டாக்டரைப் பற்றிக் கேட்டார், நர்ஸைப் பற்றிக் கேட்டார், மருந்தைப் பற்றிக் கேட்டார். மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நம்ம ஃபேன் பிளக்கையே விடாத மனுஷன், தன் பொண்ணு உசுரை எடுத்த மெஷினை ஏன் கேக்கல? அவருக்கு பதில் தெரியும் இளங்கோ."

மூன்றரைக்கு அவர்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது சந்தானம் விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆக்னஸ் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க வந்திருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். வசந்தகுமாரி பக்கத்தில் உட்கார்ந்து ரப்பர் மூடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். மல்லாபூர் போய் வந்தோம் சார் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் மறுக்கவில்லை. ஒருவேளை மூன்று வாரமாக யாராவது வந்து இதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தாரோ என்னவோ. மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து ஓடி வந்தவர், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது முதலில் மகள் முகத்தைப் பார்க்கவில்லையாம். பம்பின் பின்பக்கத்தைத்தான் பார்த்தாராம். வெளியே வேறு கம்பெனிப் பெயர், உள்ளே தான் பாஸ் போட்ட அதே மெஷின், பின்னால் தொங்கும் ஒயர். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. எப்போதும் செய்வதுதான், ஊரெல்லாம் செய்வதுதான், ஒரு வரியைச் சேர்த்தால் ஒரு தொழிற்சாலை பிழைக்கும் என்று உதவி மாதிரித்தான் அதைச் செய்திருந்தார். விதியில் ஒரு பிசகும் இல்லை.

"நர்ஸ்தான்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லிட்டா, நானும் நம்பிடலாம்னு நெனச்சேன் மேடம்" என்றார். "நீங்க கெட்டிக்காரங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. கெட்டிக்காரங்க சொன்னா மனசு கேட்கும்ல."

இளங்கோவனுக்கு அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் சுவரைப் பார்த்து நின்றான். வசந்தகுமாரியின் குரல் மட்டும் தணிந்து வந்தது. அந்த நோட்டு எங்கள் கைக்கு வராது, நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் எங்களிடம் ஆதாரமே இல்லை, இன்னும் இருபது நிமிஷத்தில் அந்தப் பெண் கையெழுத்துப் போட்டுவிடும் என்றாள். உங்கள் மகளுக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயசுதான் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. சூப்பரிண்டென்டன்ட், இரண்டு டாக்டர்கள், ராகவேந்திரா, ஒரு போலீஸ்காரர். மேஜைக்கு எதிரில் ஆக்னஸ். அவளுக்கு முன்னால் அந்தத் தாளும் ஒரு பேனாவும் இருந்தன. அவள் பேனாவை எடுத்துவிட்டிருந்தாள். நக்கோ என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் வரவில்லை என்று முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது.

சந்தானம் யாரிடமும் அனுமதி கேட்காமல் உள்ளே போனார். அவள் கையிலிருந்து பேனாவை மெல்ல வாங்கினார்.

"இந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல. அந்த மெஷினுக்கு நான்தான் பாஸ் போட்டேன்" என்றார். பிறகு இங்கிலீஷில், தேதியோடு, சோதனை எண்ணோடு, கேட்டவர்களுக்கு நடுவில் ஒரு சந்தேகமும் வராதபடி எல்லாவற்றையும் சொன்னார். தன் ஆபீஸில் பேசுகிற மாதிரி நிதானமாகத்தான் சொன்னார். அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அத்தனையும் எழுதி, முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டார். போலீஸ்காரர் அதை எடுத்து இரண்டு தடவை படித்தார். சூப்பரிண்டென்டன்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆக்னஸ் எழுந்து வெளியே வந்தாள். இளங்கோவன் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து, ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று பார்த்தான். சந்தானம் வந்து அவள் எதிரில் நின்றார். உட்காரவில்லை.

"மூணு வாரம் சார்" என்றாள் அவள். "நீங்க ஒரு நாள் வந்து சொல்லிருக்கலாம்லா. எங்கம்மாகிட்ட நான் கொலைகாரின்னு யாரோ போன்ல சொல்லிட்டாங்க. அம்மா எங்கூட பேசுறதே இல்ல."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கிடைத்துவிடும் என்று பயந்தவர் மாதிரி இருந்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நாலு எட்டு வைத்ததும் அவர் பின்னால் இருந்து கேட்டார். மூன்று வாரமாக அவரால் கேட்க முடியாமல் போன கேள்வி அது. குற்றவாளி என்று கை நீட்டிய பெண்ணிடம் போய் எப்படிக் கேட்பது?

"கடைசியா அவ ஏதாவது கேட்டாளாம்மா?"

ஆக்னஸ் நின்றாள். போயிருக்கலாம். போனால் ஒருத்தரும் அவளைக் குறை சொல்லியிருக்க முடியாது. அவள் திரும்பி வந்து அவருக்கு எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"தண்ணி கேட்டாங்க சார். ஆபரேஷன் ஆனதுனால குடுக்கக் கூடாது. பஞ்சை நனைச்சு உதட்டுல வெச்சேன்."

"குடிச்சாளா?"

"உதட்டை நனைச்சுக்கிட்டாங்க. போதும் சிஸ்டர், நல்லா இருக்குன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் தூங்கினாங்க."

சந்தானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்லா இருக்குன்னாளா என்று கேட்டார். ஆமா சார் என்றாள் ஆக்னஸ். அவர் மறுபடியும் அதையே கேட்டார். அவளும் அதையே சொன்னாள்.